அரசை நம்ப முடியாமல் சிங்கப்பூர் வர நினைப்போர் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்போம். வேலை அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் வாசித்து விளக்குவோம். நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து 2008-இல் வந்தவன், இப்போது நிரந்தரவாசி. கொஞ்ச காலமாகத் தாளோடு வருகிறவர்களைவிடப் பயத்தோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தொலைபேசியில் கேட்கிறார்கள். "இந்த அரசை நம்பிப் பிள்ளைகளை வளர்க்க முடியாது, அங்கே வந்துவிடலாமா?" என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசின் மேல் எனக்கு இருக்கும் அவநம்பிக்கை வெறும் மனப்பிரமை என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியா?

அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் பேரணி போனவர்கள் மீது போலீஸ் சுட்டதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 13 பேர் செத்தார்கள். அணு உலை வேண்டாம் என்று சொன்னதற்காக இடிந்தகரை மீனவர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஒரு தொலைக்காட்சி உரை; விடிந்ததும் என் அம்மா அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்றார். இலங்கையில் 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களிடம் போய் "அரசை நம்புங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆணையிட்டவர் வகித்த பதவி இருக்கிறது. தேர்தல் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் கட்சிகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்றே மக்களுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கில் பணம் போனது. மறைந்திருந்த அதிகாரம் என்றால் அதுதான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே கொடுத்தவர் பட்டியலும் வாங்கிய கட்சிகளின் பட்டியலும் வெளியே வந்தன. உண்மையாகவே ஒளிந்திருந்தது பிடிபட்டபோது கையில் கிடைத்தது பெயரும் தொகையும்.

உலகத்தையே ஒரு சிறு கூட்டம் மறைந்திருந்து இயக்குகிறது என்கிறார்களே. சிங்கப்பூர் அந்தக் கூட்டத்தின் பிடிக்கு வெளியே இருக்கிறதா?

அந்தக் கூட்டத்தின் பெயராக எனக்கு வரும் குரல் பதிவுகளில் அதிகம் அடிபடுவது இலுமினாட்டி, அடுத்தது ஃப்ரீமேசன். சிங்கப்பூரில் ஃப்ரீமேசன் மண்டபம் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கிறது. வெள்ளையடித்த பழைய கட்டடம். பக்கத்திலேயே சிறுவர் அரும்பொருளகம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற இடம். கேட்டு மிரண்டுபோன ஒரு தம்பியை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போய் எதிர் நடைபாதையில் நின்று காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்தான். "இவ்வளவுதானா?" என்றான். அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. பயம் தெளிந்தால் நிம்மதிதானே வர வேண்டும்? அந்த முகத்தை நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்பா பட்ட நஷ்டம், கிடைக்காமல் போன வேலை எல்லாவற்றுக்கும் அந்தக் கூட்டம் அவனுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் காரணம் இல்லாமல் போகிறது.

இந்த மண்ணிலேயே நடந்த ஒரு பழைய கதையையும் சொல்கிறேன். 1850-களில் சிங்கப்பூரே நடுங்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் பேய்கள் குடியேறிவிட்டன, அவற்றை அடக்க ஆளுநருக்கு மனிதத் தலைகள் வேண்டும், இரவில் ஆட்களை மறித்துக் கொன்று தலை கொண்டுவரக் கைதிகளுக்கு ஆணையிட்டிருக்கிறார் என்று வதந்தி. இருட்டிய பின் வீட்டை விட்டு இறங்க மக்கள் அஞ்சினார்கள். அந்தக் கைதிகள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். தலை வெட்டுகிறவர்கள் என்று பெயர் வாங்கிய அவர்கள்தான் பிறகு இப்போது நிற்கும் தேவாலயத்தைக் கட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, சென்னைப் பக்கத்துச் சாந்து முறையில் பூசிய சுவர் அது.

வதந்தி எங்கிருந்து வந்தது? பழைய தேவாலயத்தில் இரண்டு முறை இடி விழுந்து, கட்டடம் ஆபத்தென்று 1852-இல் மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வேறு இடத்தில் தொழுதார்கள். ஏன் என்று சாதாரண மக்களுக்கு அவர்கள் மொழியில் யாரும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தது உண்மை. சொல்லப்படாத காரணத்தின் இடத்தில் பேய் வந்து உட்கார்ந்தது. ஆகவே வதந்தியை நம்புகிறவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் ஆளுகிறவர்களுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

சாங்கி விமான நிலையத்தில் கண்ணைப் படம்பிடித்து உடம்பில் ஏதோ செலுத்துகிறார்களாமே?

கண்ணைப் படம்பிடிப்பது உண்மை. குடிநுழைவில் கருவிழியையும் முகத்தையும் பதிவு செய்கிறார்கள். கேமரா படம்தான் எடுக்கும், எதையும் செலுத்தாது. அந்தப் பதிவு அரசிடம் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

அப்படியானால் இங்கேயும் அரசு என்னைக் கண்காணிக்கும்தானே? ஆதாருக்குப் பயந்து வந்து இங்கே மாட்டிக்கொள்வேனா?

கண்காணிப்புக்குப் பயந்து வருகிறவர் தயவுசெய்து சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் மின்தூக்கி வாசல், கார் நிறுத்துமிடம், பஸ் நிலையம் என்று போலீஸ் கேமராக்கள் மட்டும் 90,000-க்கு மேல் இருக்கின்றன. இன்னும் கூட்டப் போகிறோம் என்று அரசே வெளிப்படையாகச் சொல்கிறது. வரி, மருத்துவமனை, வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் சிங்பாஸ் என்ற ஒரே சாவியில் திறக்கும். வசதி மிகுந்ததுதான். ஒரே சாவி என்பதும் உண்மைதான்.

கொரோனாக் காலத்து அனுபவம் ஒன்றை இங்கே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 2020-இல் யார் யார் அருகில் இருந்தோம் என்று பதியும் டிரேஸ்டுகெதர் செயலியும் கழுத்தில் மாட்டும் கருவியும் வந்தபோது, தொற்றுத் தடம் காண மட்டுமே அந்தத் தகவல் பயன்படும் என்று அமைச்சர் சொன்னார். நம்பித்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி போலீஸ் அதைப் பெறலாம் என்று தெரிந்தது. ஒரு கொலை வழக்கில் நாடியும் இருந்தார்கள். பலருக்கு மனம் முறிந்துபோனது. எனக்கும்தான். அரசு தன் தவற்றை ஒப்புக்கொண்டு, பிப்ரவரியில் தனிச் சட்டம் போட்டு, கடுமையான குற்றங்களின் ஏழு வகைகளுக்கு மட்டும் என்று எல்லை கட்டியது. சொன்னதை மீறினார்கள் என்பதும், கேட்டதும் ஒரு மாதத்துக்குள் சட்டத்தில் எழுதினார்கள் என்பதும் இரண்டும் நடந்தவை. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே அரசை விமர்சித்துப் பேசலாமா? கூட்டம் போடலாமா?

காப்பிக்கடையில் பேசலாம், பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெருவில் இறங்குவது வேறு. 2009-இன் பொது ஒழுங்குச் சட்டப்படி தனியாள் ஒருவர் ஒரு நோக்கத்துக்காக அட்டை பிடித்து நின்றாலும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் பேசக் கூடிய இடம் ஹாங் லிம் பூங்காவில் 2000-இல் திறந்த பேச்சாளர் சதுக்கம். அதுவும் குடிமக்களுக்குத்தான் முழு உரிமை. வேலைப் பாஸில் இருக்கும் வெளிநாட்டவர் அங்கே நடக்கும் போராட்டத்தில் கலந்துகொண்டால் குற்றம். ஊர்ப் பிரச்சினைக்காகச் சும்மா ஒரு படம் பிடித்துப் போடத்தான் நின்றோம் என்றாலும் பாஸ் போய்விடும்.

இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. பொய்ச் செய்திக்கு எதிராக 2019-இல் வந்த பொஃப்மா சட்டம்: எது பொய் என்று முதலில் அமைச்சரே முடிவு செய்து திருத்த ஆணை இடலாம், நீதிமன்றம் பிறகுதான். வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிராக 2021-இல் வந்தது மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் மூத்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். விசாரணையில்லாமல் ஈராண்டு வரை தடுத்து வைக்கலாம், மேலும் மேலும் நீட்டிக்கலாம். அரசை எதிர்த்தவர்களைக் கூட்டமாகக் கைது செய்த 1963 கோல்ட் ஸ்டோர் நடவடிக்கை அதற்கு முந்தைய சட்டத்தின்படி நடந்தது, 1987 ஸ்பெக்ட்ரம் நடவடிக்கை இதன்படி. சியா தை போ என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை விசாரணையே இல்லாமல் 23 ஆண்டுகள் சிறையில் வைத்திருந்தார்கள். இங்கே குடியேறுகிறவர் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

1959 முதல் ஆள்வது ஒரே கட்சி. 2025 மே தேர்தலில் 97 இடங்களில் 87 அவர்களுக்கு. வாக்குப்பெட்டியில் கள்ளம் என்று ஊரில் போல இங்கே பேச்சு இல்லை.

லஞ்சமே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பதினெட்டு ஆண்டுகளில் ஓர் அலுவலகத்திலும் நான் ஒரு காசு கொடுத்ததில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு எங்கள் ஊர் அலுவலகத்தில் நான் மூன்று முறை நடந்ததை நினைத்தால் இது சாதாரண விஷயமில்லை. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952-இல் தொடங்கியது. 2024 அக்டோபரில் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு, பதவியில் இருந்தபோது விலையுயர்ந்த பொருள்களைப் பெற்றதற்காகவும் நீதிக்குத் தடையாக நடந்ததற்காகவும் 12 மாதச் சிறை விதித்தார்கள். நம் இனத்தவர் ஒருவர் அப்படி நின்றது எங்களுக்கெல்லாம் வேதனை. ஆனால் பணமும் பதவியும் உள்ளவர் நீதிமன்றத்துக்கு நடந்து போய்த் தண்டனையை ஏற்றதைப் பார்த்த ஊர்க்காரர்கள் பலர் அன்று வாயடைத்துப் போனார்கள்.

எனக்கு அரசியல் காரணமாக உயிராபத்து. சிங்கப்பூரில் அடைக்கலம் கேட்கலாமா?

முடியாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. யாருக்கும் அகதி நிலை தருவதில்லை. சுற்றுலா விசாவில் வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவர் உங்களைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார். அனுமதிக் காலம் 90 நாளுக்கு மேல் கடந்து தங்கும் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. உண்மையான ஆபத்தில் இருப்பவர் அகதிகள் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளைப் பற்றி அந்தத் துறை வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏஜெண்டிடம் கேட்காதீர்கள்.

அப்படியானால் எந்த வழியில் வருவது?

வேலை வழியில். மூன்று படிகள். பட்டமும் அனுபவமும் உள்ளவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்: 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம், நிதித் துறையில் 6,200, வயது கூடக் கூட இன்னும் அதிகம், அதோடு விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடும் காம்பஸ் முறையில் 40 புள்ளி. நடுத்தரத் திறனுக்கு எஸ் பாஸ்: 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு என்றால் வேலை அனுமதிச் சீட்டு, நாம் பர்மிட் என்பது.

குடும்பத்தோடு தப்பி வர வேண்டும் என்று நினைப்பவருக்கு இதில்தான் அடி விழுகிறது. பர்மிட்டில் வருகிறவர் மனைவி மக்களைக் கூட்டி வர முடியாது. மற்ற இரண்டிலும் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவிக்கும் பிள்ளைக்கும் சார்ந்தோர் பாஸ். பெற்றோரை வைத்துக்கொள்ள 12,000. பர்மிட்டில் இருக்கும் தம்பி இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும்.

ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்தப் பக்கத்தில் வேறு எதை வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்த ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். சட்டம் அவ்வளவுதான். ஊரில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டு அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாதவர். இந்திய அரசின் வெளிநாட்டு வேலைத் தடையில்லாச் சான்று முறை மலேசியாவுக்கு உண்டு, சிங்கப்பூருக்கு இல்லை; ஆகவே புறப்படும் இடத்திலும் உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கணக்கை அவர் அனுமதியோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். ஏஜெண்டுக்குக் கொடுத்தது நான்கு லட்சம். வயலின் பேரில் மூன்று வட்டிக்கு வாங்கியது. வட்டி மட்டும் மாதம் 12,000 ரூபாய். ஏஜெண்டு வாய்ச்சொல்லில் சம்பளம் ஆயிரம் வெள்ளி. இங்கே அவர் கொண்டுவந்த ஐபிஏ கடிதத்தை, அதாவது மனிதவள அமைச்சு தரும் வேலை முன்னனுமதிக் கடிதத்தை, மேசையில் விரித்தோம். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அடிப்படைச் சம்பளம் என்ற கட்டத்தில் 600 வெள்ளி. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 36,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். கடிதத்தின் தமிழ்ப் பிரதியும் அவரிடமே இருந்தது. விமானம் ஏறும் முன்பே கிடைத்திருக்கிறது. "வாசிக்கவில்லையா தம்பி?" என்று கேட்டேன். "பணம் கட்டி முடித்த பிறகுதான் அண்ணா கையில் கொடுத்தார்கள். வாசித்து என்ன செய்வது?" என்றார்.

இவர் அரசு நம்மை ஏமாற்றுகிறது, டெல்டாவையே குழாய் போட்டு உறிஞ்சப் போகிறார்கள், இங்கே இருந்தால் சோறு கிடைக்காது என்று கிளம்பி வந்தவர். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து எங்கள் ஊரே நின்றது. ஆனால் அந்தக் கோபத்தையே தூண்டிலில் மாட்டித்தான் ஏஜெண்டு இழுத்திருக்கிறார். "இனி இந்த நாட்டில் ஒன்றுமில்லை தம்பி" என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொல்லும் முதல் வாக்கியம். ஒளிந்திருக்கும் கை என்று நீங்கள் தேடுவது இதுதான் என்பேன். அது நியூயார்க்கில் இல்லை, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கிறது. ரசீது தராது.

ஆகவே: ஐபிஏ கடிதம் கைக்கு வந்து, அதில் உள்ள சம்பளத்தை நீங்களே வாசித்து, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்த்த பிறகுதான் பணம். ரசீது தராதவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

வந்த பிறகு முதலாளி சொல்வதைத்தான் கேட்க வேண்டுமா?

பர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் நீங்கள் ஊருக்குப் போக வேண்டியதுதான். இந்தப் பயம்தான் பலரையும் வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் அவருக்கும் எல்லை உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டை அவர் பிடித்து வைப்பது குற்றம். உங்களுக்காக அரசிடம் கட்டும் 5,000 வெள்ளி உத்தரவாதத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அவர் அரசுக்குக் கட்டும் லெவித் தொகையையும் அப்படியே. ஐபிஏ சொல்லும் சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்கக் கூடாது. ஆகவே புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 2016 முதல் விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டியது கட்டாயம். சம்பளம் வராவிட்டால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். சமரசத்தில் முடியாவிட்டால் வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படி எழுதி வைத்த சாதாரணக் குறிப்பேடு ஒன்று இரண்டாயிரம் வெள்ளியை மீட்டுத் தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் சரியாக இருப்பதும் வாழ்க்கை சரியாக இருப்பதும் ஒன்றல்ல. 2020 ஏப்ரலில் தொற்று பரவியபோது விடுதிகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உள்ளேயே அடைத்தார்கள். ஊர் முழுவதும் திறந்த பின்னும் அவர்களுக்குக் கதவு திறக்க நெடுநாள் ஆயிற்று. சம்பளமும் சாப்பாடும் மருத்துவமும் கிடைத்தன. வெளியே ஒரு மரத்தடியில் நிற்க முடியவில்லை என்று என்னிடம் அழுதவர்களும் இருந்தார்கள். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பினார்கள். வெளிநாட்டவர் என்றால் இங்கே விருந்தாளி; வீட்டுக்காரர் சொன்னால் கிளம்ப வேண்டும்.

மத்திய சேம நிதியில் போடும் பணத்தை அரசு விழுங்கிவிடும் என்கிறார்களே?

மத்திய சேம நிதி (மசேநி) என்பது சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு. வேலைப் பாஸ்காரர்களுக்கு அது கிடையாது, ஆகவே உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நிரந்தரவாசி ஆன பிறகுதான் வரும். 55 வயது வரை முழு வீதம் தொழிலாளிக்கு 20 சதவீதம், முதலாளிக்கு 17. நிரந்தரவாசத்தைத் துறந்து நாட்டை விட்டே போனால் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரர்களுக்கே இதில் கசப்பு உண்டு. 2014-இல் ஹாங் லிம் பூங்காவில் பெரிய கூட்டமே கூடியது. நாட்டின் மொத்தக் கையிருப்பு எவ்வளவு என்பதை அரசு வெளியிடுவதில்லை; நாணயத்தைத் தாக்குகிறவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதைத்தான் ரகசியம் என்கிறார்கள். மறைக்கிறோம் என்று சொல்லியே மறைப்பது அது. எனக்கு முழு உடன்பாடு இல்லாவிட்டாலும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது.

பிள்ளைக்கு நிரந்தரவாசம் வாங்கினால் ராணுவத்துக்கு அனுப்ப வேண்டுமா?

ஆண் பிள்ளை என்றால் ஆம். பெற்றோர் வழி நிரந்தரவாசியான பையன் பதினாறரை வயதில் பதிந்து, பதினெட்டில் தேசிய சேவைக்குப் போக வேண்டும். முழுநேரமாக இரண்டு ஆண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால் பின்னாளில் அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலைக்கோ கேட்கும்போது அது எதிராக நிற்கும். அரசு என்றாலே ஆகாது என்று ஓடி வந்த தகப்பனார் ஒருவர் தன் மகன் ஆயுதம் ஏந்தி உறுதிமொழி எடுப்பதை மேடைக்குக் கீழிருந்து பார்க்க நேர்ந்தது. அவர் பெருமைப்பட்டாரா, கலங்கினாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவனுக்கு விண்ணப்பம் போடும்போது வயது ஏழு. அந்த வயதில் எடுக்கும் முடிவு இது என்று தெரிந்து எடுங்கள்.

குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளலாமா?

இரண்டு நாடும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றை விட வேண்டும். இந்தியாவின் ஓசிஐ அட்டை விசாவைப் போன்றது. ஓட்டு கிடையாது, விளைநிலம் வாங்க முடியாது.

ஊரில் இருப்பதை எல்லாம் விற்றுவிட்டு வந்துவிடட்டுமா?

வேண்டாம். நிலத்தை விற்காதீர்கள். எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது. பாஸ் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. போய்விட்டால் நிற்க ஓர் இடம் வேண்டும். வங்கிக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் வெளிநாடு வாழ் வாக்காளராக 6ஏ படிவத்தில் பதியுங்கள். நேரில் போய்த்தான் ஓட்டுப் போட முடியும் என்பது உண்மை. 2021-இல் என்னால் போக முடியவில்லை, 2024-இல் போனேன். அரசை நம்பாதவருக்குத்தான் அந்த ஓட்டு அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தும் பயம் போகவில்லை. இரவெல்லாம் அந்தக் காணொளிகளையே பார்க்கிறேன்.

விடுதியில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை, வேலை முடிந்து உடம்பு வலி, காதில் இயர்போன், மூன்று மணி வரை ஒரு குரல் "உங்களுக்குத் தெரியாமல்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நானும் அப்படி இருந்திருக்கிறேன். வீட்டை விட்டு வந்த ஏக்கத்துக்கு அந்தக் குரல் ஒருவிதத் துணை. யாரோ நம்மிடம் மட்டும் ரகசியம் சொல்வது போல இருக்கும். எனக்கு உதவியது, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர். இரவு ஒன்பதரைக்கு என் கைப்பேசியை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார், காலையில் தருவார். ஒரு மாதம் அப்படி. தூக்கம் வராமல் நெஞ்சு படபடப்பது நீடித்தால் விடுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. பாஸுக்கு அதனால் ஆபத்து வரும் என்று யாராவது பயமுறுத்தினால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்தே போவோம்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஐபிஏ கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பிய வங்கித் தடயம், அவர் அனுப்பிய குரல் பதிவு இருந்தால் அழிக்காமல் அதுவும். நகல் போதும். பாஸ்போர்ட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடமும் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எல்லாத் தாளையும் வரி வரியாக வாசிக்க நேரமாகும்.